தென்னையின் மெழுகுச் சட்டை

எதிலும் ஒட்டாமல் வாழ்கிறவரைத் 'தாமரை இலைத் தண்ணீர்' என்று சொல்வது நம்மவர் வழக்கம். துறவிக்கும் சொல்வோம், பொறுப்பில்லாத மருமகனுக்கும் சொல்வோம். ஆனால் தாமரை இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்ற கேள்வியை நம்மில் பலர் கேட்டதில்லை. உவமை கிடைத்துவிட்டது, போதும் என்று இருந்துவிட்டோம். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தின் கிராமத்து வீடொன்றில் தொடங்கி, பேராதனைக்கு வந்து, காசரகோட்டைத் தொட்டு, இலங்கையின் புத்தளம் மாவட்டக் கடற்கரையிலே வந்து நிற்கிற வரலாறு அது. அங்கே அது வெறும் விஞ்ஞான வேடிக்கை அல்ல. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பெரியும் விவகாரம்.

முதலில் அந்தக் கரையைப் பார்த்துவிடுவோம்.

வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம் என்று வடக்கே செல்லும் வீதியின் இரு மருங்கிலும் தென்னை. புத்தளம் களப்பைச் சுற்றிக் கடலுக்குள் நீளும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் தென்னை. இலங்கையில் 'தென்னை முக்கோணம்' என்று அழைக்கப்படும் குருநாகல், கம்பஹா, புத்தளம் ஆகிய மூன்று மாவட்டங்களில், கடலையும் வரட்சியையும் ஒருசேர எதிர்கொள்வது புத்தளந்தான். சிலாபத்துக்கு வடக்கே போகப்போக தென்மேல் பருவமழை மெலிந்துவிடும். ஆனால் அந்தப் பருவத்தின் காற்று மெலிவதில்லை. மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை கற்பிட்டியில் காற்று சீறி அடிக்கும், மழை எட்டிப் பார்க்காது. குடாநாட்டுக்கு உரிய மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மண்ணோ தண்ணீரைப் பிடித்து வைக்காத மணல். காற்றிலே உப்பு. களப்பின் ஓரங்களில் உப்பளங்கள்.

இத்தகைய இடத்தில் ஒரு மரம் உயிர்வாழ வேண்டுமானால், வேரால் குடித்த நீரை ஓலையால் இழந்துவிடாமல் காக்க வேண்டும். அந்தக் காவலைச் செய்வதுதான் இலையின் மேலே படிந்திருக்கும் மெழுகுத்தோல். தாவரவியலார் 'கியூட்டிக்கிள்' என்பார்கள். ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குகூட இராத மென்படலம். கியூட்டின் என்னும் பசை போன்ற பொருள் அதன் நெய்யப்பட்ட துணி. அந்தத் துணிக்குள்ளும் அதன்மேலும் நிரம்பியிருப்பது மெழுகு. துணி மட்டும் இருந்தால் பயனில்லை. மெழுகு பூசினால்தான் அது மழைச்சட்டை. ஆனால் செடி இந்தச் சட்டையை அணிவது மழை உள்ளே வராமல் இருக்க என்பதைவிட, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் இருக்க என்பதே பொருத்தம்.

இலை மூச்சுவிட வேண்டுமே? அதற்காகச் சட்டையில் சிறு சிறு துவாரங்கள் உண்டு. அவை இலைவாய்கள். தென்னோலையில் இவை கீழ்ப்பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. வெயில் நேராக விழும் மேற்பக்கம் முழுவதும் மூடிய கவசம். புத்தளம் களப்பின் ஓரத்துக் கண்டல் மரங்களின் தடித்த, பளபளப்பான இலைகளும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கின்றன.

டார்வினின் கடைசிக் கேள்விகளில் ஒன்று

இந்த மெழுகைப் பற்றி முறையாகப் பரிசோதனை செய்தவர்களில் முக்கியமான ஒருவரை நாம் வேறு காரணத்துக்காக அறிவோம். சார்ள்ஸ் டார்வின். பரிணாமக் கொள்கையால் உலகைப் புரட்டிப்போட்ட பிறகு, தமது முதிய வயதில் அவர் செடிகளோடுதான் அதிக நேரத்தைக் கழித்தார். 1877-ஆம் ஆண்டளவில் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி: முட்டைக்கோசு இலையிலும் திராட்சைப் பழத்திலும் வெண்தூள் போலப் படிந்திருக்கும் அந்த மெழுகுப் பூச்சு எதற்காக?

டவுண் என்ற ஊரில் இருந்த தமது வீட்டில், மகன் பிரான்சிஸின் துணையோடு, இலைகளிலிருந்து அந்தப் பூச்சை மெல்ல அகற்றிவிட்டு, பூச்சு இருந்த இலையும் இல்லாத இலையும் தண்ணீரை எப்படித் தாங்குகின்றன என்று பார்த்தார். கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து செடிகளை வரவழைத்தார். பிரேசிலில் வாழ்ந்த பிரிட்ஸ் முல்லருக்குக் கடிதம் எழுதி, இத்தகைய செடிகள் குளிர்நாடுகளைவிட வெப்பநாடுகளில் அதிகமா என்று விசாரித்தார். இந்த வேலையில் தமக்கு வெற்றி கிட்டுமா என்ற ஐயத்தையும் அதே கடிதத்தில் மறைக்காமல் எழுதினார். 1882 ஏப்ரலில் அவர் மறைந்தபோது இதுபற்றி நூல் எதுவும் வெளிவரவில்லை. மெழுகுப் பூச்சுக்கும் இலைவாய்களின் அமைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1886-இல் பிரான்சிஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வளவுதான்.

டார்வின் செய்ததை நம் ஊரிலே எவரும் செய்து பார்க்கலாம். கற்பிட்டி மணலிலும், யாழ்ப்பாணத்து வெளிகளிலும், தமிழ்நாட்டுத் தரிசுகளிலும் தண்ணீர் ஊற்றுவாரின்றி வளரும் எருக்கஞ்செடியின் இலை வெண்மை பூத்திருக்கும். அதன் ஒரு பாதியை விரலால் அழுத்தித் துடைத்துவிட்டு, இரு பாதிகளிலும் ஒவ்வொரு துளி நீர் விடுங்கள். துடைக்காத பாதியில் துளி முத்தாக உருளும். துடைத்த பாதியில் பரவிப் படுத்துவிடும். (எருக்கம்பால் கண்ணில் பட்டுவிடாமல் கவனம், பிறகு கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.) பல கோடி ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம். ஒரு விரலும் ஒரு துளி நீரும் போதும்.

பேராதனையில் ஓர் இளைஞர்

டார்வின் இங்கிலாந்தில் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இலங்கை மலைநாட்டில் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869-இல் மடுல்சீமைப் பக்கத்தில் முதலில் காணப்பட்ட இலைத்துரு நோய், பத்தாண்டுகளில் தோட்டத்துரைமாரின் நித்திரையைக் கெடுத்துவிட்டது. அந்தக் கோப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்தே வந்த நம் மக்கள் என்பதையும், நட்டம் வந்தபோது முதலில் பட்டினி கிடந்தவர்கள் அவர்களே என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

நோயை ஆராய 1880-இல் அனுப்பப்பட்டவர் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர். வயது இருபத்தாறு. பேராதனையைத் தளமாகக் கொண்டு இரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றிலே பறந்து வரும் பூஞ்சண வித்துக்களைப் பிடித்துக் காட்டினார். வித்தை இலைமேல் விதைத்து, அது முளைவிட்டு எப்படி உள்ளே நுழைகிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்த்தார். அவர் கண்டது இதுதான்: அந்தப் பூஞ்சணம் மெழுகுத்தோலைத் துளைக்கவில்லை. இலையின் கீழ்ப்பக்கத்திலே திறந்திருக்கும் இலைவாய் வழியாகவே உள்ளே போனது. கோட்டையின் மதிலை இடிக்கவில்லை, வாயிலால் நுழைந்தது.

இந்தக் கண்டுபிடிப்பால் கோப்பி பிழைக்கவில்லை. 1882-இல் வார்ட் நாடு திரும்பினார். தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. நோயை நிறுத்தும் மருந்தைத் தரவில்லை என்று அவரைக் குறைசொன்ன துரைமார் உண்டு. ஆயினும் இலையின் கவசத்தைப் பற்றிய ஒரு பெரிய பாடத்தை இலங்கை மண்ணில் அவர் எழுதிவிட்டுப் போனார்: கவசத்தின் தடிப்பை மட்டும் பார்க்காதே, அதன் இடைவெளி எங்கே என்று பார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் கற்பிட்டித் தென்னைக்கு அந்தப் பாடந்தான் மறுபடி தேவைப்பட்டது.

லுணுவிலவும் காசரகோடும்

தென்னைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்ற எண்ணம் நமது பக்கத்தில் முதலில் உருப்பெற்றது அன்றைய சென்னை மாகாணத்தில். 1916-இல் காசரகோடு, பிலிக்கோடு, நீலேஸ்வரம் ஆகிய இடங்களில் நிலம் வாங்கப்பட்டது. காசரகோடு இன்று கேரளத்தில் இருக்கிறது. 1970-இல் அங்கே மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. இலங்கையில் 1928-இல் சட்டம் வந்தது. 1929-இல் தெங்கு ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. அதற்குத் தெரிந்தெடுத்த இடம் லுணுவிலவில் உள்ள பண்டிரிப்புவ தோட்டம். சிங்களத்தில் 'லுணு' என்றால் உப்பு, 'வில' என்றால் குளம். பெயரிலேயே உப்பைச் சுமக்கும் ஊர். அதுவும் புத்தளம் மாவட்டத்திலேயே. 1950-இல் அது தெங்கு ஆராய்ச்சி நிறுவகமாயிற்று.

அங்கே பணிபுரிந்த இரசாயனவியலாளரான றெஜினால்ட் சைல்ட் பின்னர் 1964-இல் வெளியிட்ட தென்னை பற்றிய நூல் உலகெங்கும் தோட்டக்காரர்களின் கைநூலாயிற்று. மரபியலாளர் டி. வி. லியனகே 1955-இல் பள்ளம என்ற இடத்துக்கு அருகே அம்பகெலேயில் தனித்த விதைத் தோட்டத்தை உருவாக்கினார். பிற தென்னைகளின் மகரந்தம் காற்றில் வந்து கலந்துவிடாதபடி காட்டின் நடுவே அமைத்த தோட்டம் அது. 1960-களில் நல்லின நெட்டைக் கலப்புகளும் நெட்டை – குட்டைக் கலப்புகளும் விவசாயிகளுக்குக் கிடைத்தன.

குட்டைத் தென்னை சீக்கிரம் காய்க்கும். நெட்டைத் தென்னை தாமதமாகக் காய்த்தாலும் வரட்சியைத் தாங்கும். இந்த வேறுபாடு நம் பாட்டன்மாருக்கும் தெரியும். ஆனால் ஏன்? அந்தக் காரணத்தைத் தேடியவர்கள் காசரகோட்டில் வி. ராஜகோபாலும் அவருடைய குழுவினரும். 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் அவர்கள் பல தென்னை இனங்களின் ஓலையை அளந்தார்கள்: ஓலையின் நீர்நிலை, இலைவாய் எவ்வளவு இறுக்கமாக மூடுகிறது, ஓலைமேல் எவ்வளவு மெழுகு படிந்திருக்கிறது. மெழுகை அளக்கும் முறை எளிது. ஓலைத்துண்டைச் சில விநாடிகள் குளோரபோமில் முக்கி எடுத்தால், மேலே உள்ள மெழுகு அதில் கரைந்துவிடும். குளோரபோம் ஆவியானபின் எஞ்சுவதை அளந்துகொள்ளலாம். வரட்சியைத் தாங்கும் இனங்களில் மெழுகு கூடுதலாக இருந்தது. அதே மரத்திலும் கோடைகாலத்தில் மெழுகு ஏறியது. மரம் பருவத்துக்கேற்பத் தன் சட்டையைத் தடிப்பாக்கிக்கொள்கிறது!

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஜெர்மனியில் யோர்க் ஷோன்ஹெர் 1976-இல் செய்த பரிசோதனையில், செடியிலிருந்து பிரித்தெடுத்த மெழுகுத்தோலின் மெழுகைக் கரைத்து நீக்கியபோது நீர் கசிவது நூற்றுக்கணக்கான மடங்கு கூடியது. ஆகவே நீரைத் தடுப்பது மெழுகே என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்வந்த ஆய்வுகள், மெழுகு தடிப்பாக இருந்தால் கசிவு குறைவு என்ற எளிய கணக்கு எல்லாச் செடிகளுக்கும் பொருந்தாது என்று காட்டின. மெழுகின் அளவைவிட, அதன் மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது முக்கியம். செங்கல் எத்தனை என்பதல்ல, கொத்தனார் எப்படி அடுக்கினார் என்பதே சுவரின் பலம். அதனால்தான் காசரகோட்டார் மெழுகை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், இலைவாயையும் நீர்நிலையையும் சேர்த்தே பார்த்தார்கள்.

மெழுகே பணமான கதை

இதே மெழுகு வேறொரு கரையில் செல்வமாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பிரேசிலின் வடகிழக்கில், புத்தளத்தைப் போலவே மழை குறைந்த பகுதியில், கார்னௌபா என்ற பனைவகை வளர்கிறது. கோடையைத் தாங்க அது தன் ஓலையில் சேர்த்துவைக்கும் மெழுகு அவ்வளவு அதிகம். ஓலையை வெட்டி, காயவைத்து, அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். உலகின் மிகக் கடினமான இயற்கை மெழுகுகளில் ஒன்று அது. 1935-இல் அமெரிக்க மெழுகு நிறுவனமொன்றின் தலைவரான ஹேர்பெர்ட் ஜோன்சன், அந்த மரத்தைத் தேடி நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானத்தில் பிரேசிலுக்கே பறந்தார். இன்று மோட்டார் காரின் பளபளப்பிலும், மாத்திரைகளின் மேற்பூச்சிலும், கடையில் மின்னும் அப்பிளிலும் அந்த மெழுகு இருக்கிறது.

தென்னை அப்படி மெழுகு விற்கும் மரமல்ல. ஆனால் அதன் காயும் மெழுகுச் சட்டை அணிந்ததே. மட்டையின் வழவழப்பான வெளித்தோலும் உள்ளே காற்றுநிறைந்த தும்பும் சேர்ந்துதான் தேங்காயைக் கடலில் மிதக்கவிடுகின்றன. 1941-இல் ஹவாய்த் தீவில் எட்மண்சன் என்பவர் வெளியிட்ட ஆய்வின்படி, 110 நாட்கள் கடல்நீரில் மிதந்த தேங்காய்களும் முளைத்தன. மூன்றரை மாதம் உப்புநீரில் கிடந்தும் உயிர் போகவில்லை.

அப்படிப்பட்ட கவசத்தையும் ஒரு பூச்சி வென்றது. அதுவும் கற்பிட்டியில்.

1997

1997-ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் இரண்டு காரணங்களால் முக்கியமானது. அந்த ஆண்டில்தான் ஜெர்மனியின் பொன் நகரத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்ட்லொட்டும் கிறிஸ்டொப் நைன்ஹுய்ஸும் தாமரை இலை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார்கள். தாமரை இலையின் மேற்பரப்பு வழவழப்பானதல்ல. நுண்ணிய மேடுகளும், அவற்றின்மேல் மிகநுண்ணிய மெழுகுக் குழாய்களும் நிறைந்த கரடுமுரடு. துளி அந்த மேடுகளின் நுனிகளில் மட்டும் தங்கி நிற்கிறது. உருளும்போது தூசியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறது. நம்முடைய பழைய உவமை ஆய்வுகூடத்தில் நிரூபணமாயிற்று. இரண்டே ஆண்டுகளில் தானே கழுவிக்கொள்ளும் சுவர்ப்பூச்சாகச் சந்தைக்கும் வந்தது.

அதே 1997-இன் இறுதியில் கற்பிட்டிக் குடாநாட்டில் தேங்காய்கள் விகாரமாகத் தொடங்கின. குரும்பையின் காம்படியில் முக்கோண வடிவில் வெளிறிய தழும்பு. பிறகு அது பழுப்பாகி, தக்கை போலத் தடித்து, வெடித்து, பிசின் வடிந்தது. காய் சிறுத்தது, உரிப்பதற்கும் கடினமாயிற்று. காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி. சிங்களத்தில் 'மயிட்டா' என்றார்கள். அந்தப் பெயரே எல்லோர் வாயிலும் புகுந்துவிட்டது. நீளம் கால் மில்லிமீற்றர். அகலம் அதில் ஐந்தில் ஒரு பங்கு. மெக்சிக்கோவின் குவெரேரோ மாநிலத்திலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து 1965-இல் கைஃபர் என்பவர் முதன்முதலில் விவரித்த உயிரி அது. மறு ஆண்டு, 1998-இல், கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் தமிழ்நாட்டிலும் அது காணப்பட்டது.

கற்பிட்டிக்கு அது எப்படிப்பட்ட காலம்? 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் மிகப் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அந்தக் கொட்டில்களின் கூரையும் வேலியும் இதே தென்னையின் ஓலைதான். தோட்டக்காரனுக்கும், தேங்காய் உரிப்பவனுக்கும், தும்பு அடிக்கும் பெண்ணுக்கும், கிடுகு பின்னுபவளுக்கும் சோறு போட்டது அந்த ஒரே மரம். போர்க்காலத்தின் ஆரவாரத்தில் ஒரு பூச்சியின் வருகை பெரிய செய்தியாகவில்லை.

கவசம் இருந்தும் பூச்சி எப்படி நுழைந்தது? வார்ட் சொன்ன அதே பதில்: மதிலைத் துளைத்தல்ல. குரும்பையின் காம்படியை ஓட்டு அடுக்குப்போலச் சில இதழ்கள் மூடியிருக்கும். அதற்கு அடியில் உள்ள சதை இளசானது, வளர்ந்துகொண்டிருப்பது, மெழுகுத்தோல் இன்னும் முற்றாதது. காய் வளர்வதே அங்கிருந்துதான். இதழின் விளிம்புக்கும் காய்க்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் சிற்றுண்ணி புகுந்து, பாதுகாப்பாக உள்ளே இருந்துகொண்டு சாற்றை உறிஞ்சியது. காய் வளரவளர, சிதைந்த தோல் வெளியே வந்து நமக்குத் தழும்பாகத் தெரிந்தது. நாம் பார்க்கும் புண் பழையது. பூச்சி இருப்பது உள்ளே.

எண்ணெயும் சவர்க்காரமும்

மருந்து அடிக்கலாம் என்றார்கள். ஆனால் மரத்தைக் காக்கும் மெழுகே மருந்தையும் தடுக்கும். குரும்பையில் தெளித்த நீர் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு விழுந்துவிடும். அதனால்தான் இந்தக் கலவைகள் எல்லாவற்றிலும் எண்ணெயும் சவர்க்காரமும் சேர்க்கப்பட்டன. சவர்க்காரம் துளியின் இறுக்கத்தைத் தளர்த்திப் பரவவிடும். எண்ணெய் மெழுகோடு ஒட்டி, இடைவெளியை அடைத்துப் பூச்சியின் மூச்சைத் திணறவைக்கும். கேரளத்தில் வேப்பெண்ணெயும் உள்ளியும் சவர்க்காரமும் கலந்த கரைசல் பரிந்துரைக்கப்பட்டது: ஒரு லீற்றர் நீருக்கு 20 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், 20 கிராம் உள்ளி, 5 கிராம் சவர்க்காரம். இலங்கையில் பாவித்துக் கழித்த எஞ்சின் எண்ணெயைச் சலவைத்தூளுடன் கலந்து குலைகளில் தெளித்தார்கள். பின்னர் பாம் எண்ணெயும் கந்தகமும் சேர்ந்த கலவை வந்தது.

பயன் இல்லாமலில்லை. ஆனால் அறுபது அடி உயரத்தில், காற்றடிக்கும் கரையில், கறுத்த எஞ்சின் எண்ணெயைத் தெளிப்பவனின் முகத்திலும் நெஞ்சிலும் அதில் எவ்வளவு வழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மரத்துக்கு மெழுகுச் சட்டை உண்டு. மரமேறிக்குப் பெரும்பாலும் சட்டையே இல்லை. தென்னை மாதந்தோறும் புதுப்பாளை விடும் மரம். ஆகவே தெளிப்பும் முடிவில்லாத வேலை. ஐம்பது மரம் உள்ள சிறு விவசாயி எத்தனை தடவை கூலி கொடுப்பார்?

லுணுவில ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியைத் தேடினார்கள். சிற்றுண்ணியைத் தின்னும் இன்னொரு சிற்றுண்ணி இயற்கையிலேயே இலங்கைத் தென்னைகளில் இருந்தது. நியோசெயுலஸ் பராக்கி என்பது அதன் பெயர். தட்டையான, நீண்ட உடம்பு. இடுக்கில் நுழையத் தோதானது. ஆனால் அதுவும் இரையைவிடப் பெரியதுதானே, இதழின் அடியில் எப்படிப் போகிறது? லுணுவிலவைச் சேர்ந்த நயனி அராச்சிகே, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மொறிஸ் சபெலிஸ், இஸா லெஸ்னா ஆகியோருடன் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அதை அளந்து காட்டியது. நோயில்லாத காயில் இதழுக்கும் காய்க்கும் இடையிலான இடைவெளி, கெட்ட சிற்றுண்ணி நுழையப் போதும்; நல்ல சிற்றுண்ணி நுழையப் போதாது. ஆனால் காய் தாக்கப்பட்டபின் அந்த இடைவெளி விரிகிறது. அப்போது காவலாளியும் உள்ளே போகலாம். கள்ளன் புகுந்தபின் கதவை மரமே சற்று அகலத் திறந்து பொலிசை வரவேற்பது போல.

மரம் அறிந்தே இதைச் செய்கிறதா, காயத்தால் தானாக நேர்கிறதா என்பது விஞ்ஞானிகளின் விவாதம். விவசாயிக்குப் பயன் தெளிவானது. நல்ல சிற்றுண்ணியை ஆய்வுகூடத்தில் பெருமளவில் வளர்த்து, பைகளில் இட்டுத் தோட்டங்களில் விடும் முறையை லுணுவில உருவாக்கியது. எஞ்சின் எண்ணெயைவிட இது மெதுவான வைத்தியம். ஆனால் மண்ணையும் கிணற்றையும் மரமேறியின் நெஞ்சையும் கெடுக்காத வைத்தியம். மணலுக்குக் கீழே மெல்லிய நன்னீர்ப் படையை நம்பி வாழும் கற்பிட்டிக்கு அது சிறிய விடயமல்ல.

மெழுகு அணிந்த எதிரி

கதை அத்தோடு முடியவில்லை. 2016-இல் பொள்ளாச்சியில் சுருள் வெள்ளை ஈ காணப்பட்டது. அதன் பின் தென்னிந்தியா முழுவதும் பரவியது. இலங்கையின் தென்னைகளிலும் வெள்ளை ஈக்களின் தொல்லை வந்தது. இந்த ஈ ஓலையின் கீழ்ப்பக்கத்தில், அதாவது இலைவாய்கள் உள்ள பக்கத்தில், குடியேறுகிறது. தன் முட்டையையும் குஞ்சையும் வெண்மெழுகுப் பஞ்சால் போர்த்துவைக்கிறது. அது கழிக்கும் தேன்போன்ற திரவம் கீழ் ஓலைகளின் மேல் விழுந்து, அதில் கரும்பூஞ்சணம் படர்கிறது. மரத்தின் ஆயுதத்தையே எதிரியும் எடுத்துக்கொண்டுவிட்டான். தண்ணீர் கலந்த மருந்து இப்போது இரண்டு மெழுகுகளைக் கடக்க வேண்டும். கண்ட கண்ட விஷத்தை அடித்தால், ஈயைத் தின்னும் குளவிகள்தான் முதலில் சாகும் என்று இரு நாட்டு ஆராய்ச்சி நிலையங்களும் எச்சரிக்கின்றன. நீரைப் பீய்ச்சிக் கழுவுதல், மஞ்சள் ஒட்டுப்பொறி, இயற்கை எதிரிகளைக் காத்தல் என்று பழையபடி பொறுமையின் வழிதான்.

தென்னை பொறுமையின் மரம் என்பதற்கு ஒரு கணக்கே உண்டு. குருத்துக்குள் பாளை அரும்பத் தொடங்கியதிலிருந்து காய் முற்றி விழும்வரை ஏறத்தாழ 44 மாதங்கள். இன்று நாம் துருவும் தேங்காய்க்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே அத்திவாரம் போடப்பட்டுவிட்டது. நடுவில் வந்த ஒவ்வொரு வரட்சியும், ஒவ்வொரு பூச்சியும், போடாமல் விட்ட ஒவ்வொரு பசளையும் அதில் பதிந்திருக்கும். 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்ததும், அதைத் தொடர்ந்த பொருளாதாரச் சரிவில் உரம் வாங்கமுடியாமல் போனதும் அந்த ஆண்டுகளோடு முடிந்த சம்பவங்களல்ல. 2024-இன் இறுதியிலும் 2025-இன் தொடக்கத்திலும் தேங்காய் ஒன்று இருநூறு ரூபாயைத் தாண்டியபோது, பலரும் குரங்கையும் வியாபாரியையும் பழிசொன்னார்கள். மரத்தின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் சிலரே.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. தேங்காய் விலை ஏறினால் முதல்பக்கச் செய்தி; இறங்கினால் உட்பக்கச் செய்தி; லுணுவிலவில் ஒருவர் குரும்பையின் இதழிடுக்கை நுணுக்குக்காட்டியில் அளந்தால் அது செய்தியே அல்ல. ஆனால் வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுவது, அந்த அளவீடுகளே கடைசியில் கைகொடுத்தன என்பதை. டார்வின் விடைகாணாமல் விட்ட கேள்வி, வார்ட் கோப்பியைக் காப்பாற்றாமல் கண்ட உண்மை, காசரகோட்டில் குளோரபோமில் முக்கிய ஓலைத்துண்டு: ஒன்றாவது அன்றைக்கே பணம் தரவில்லை. எல்லாம் சேர்ந்துதான், எந்தக் கன்றை மணலில் நடலாம், எந்த மருந்தை அடிக்காமல் விடலாம் என்ற அறிவாகத் திரண்டன.

வரட்சிகள் நீளும் காலம் இது. புத்தளக் கரையில் இனி நடப்படும் தென்னங்கன்று அறுபது ஆண்டுகள் வாழவேண்டியது. அதன் ஓலையில் எவ்வளவு மெழுகு, அதன் இலைவாய் எவ்வளவு நிதானம், அதன் குரும்பையின் இதழ் எவ்வளவு இறுக்கம் என்று பார்த்து நடுவதா, கிடைத்ததை நடுவதா என்பது இன்றைய தீர்மானம். வேரடியில் உரிமட்டையைப் புதைத்து ஈரத்தைக் காப்பது நம் கையில். ஓலையில் ஈரத்தைக் காப்பது மரத்தின் கையில். மரம் தன் பங்கைச் செய்து வந்திருக்கிறது. ஆராய்ச்சிக்கு ஆளும் பணமும் கொடுத்து, கண்டறிந்ததை ஐம்பது மரக்காரனின் வேலிவரை கொண்டுசேர்ப்பது நம்முடைய பங்கு. அந்த விடயத்தில் மட்டும் நாம் தாமரை இலைத் தண்ணீராக இருந்துவிட முடியாது.